சேலத்தில் இருந்தபடியே மெய்நிகர் மாரத்தான்: இதயத்துக்காக ஓடுவோருக்கு ஒரு வழிகாட்டி

செப்டம்பர் 29 உலக இதய நாளையொட்டி நடத்தப்படும் மெய்நிகர் ஓட்டங்களில், இணையத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, அமைப்பாளர்கள் குறித்த நாட்களுக்குள் நமக்கு வசதியான இடத்தில் ஓடி, அதன் பதிவை அனுப்பினால் போதும். மாரத்தான் என்று பெயர் இருந்தாலும் 42.195 கிலோமீட்டரையும் ஓட வேண்டியதில்லை. 5, 10 கிலோமீட்டர் பிரிவுகளும் பெரும்பாலும் இருக்கும். வழியில் தண்ணீர் கொடுப்பவரோ ஆம்புலன்ஸோ இருக்க மாட்டார்கள் என்பதால், அந்த ஏற்பாடுகள் எல்லாம் ஓடுபவரின் பொறுப்பே.

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் ஆகியோர் கட்டணம் செலுத்தும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. எனவே அவர்கள் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு ஏற்ற அளவுகோல்.

புதியவர்கள் 5 கிலோமீட்டருக்கு எட்டு வாரமாவது பயிற்சி எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, வாரத்தில் மூன்று நாள் பழகி, ஓட்ட நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்ற நாட்களின் வேக நடையையும் சேர்த்தால் அந்த அளவு எட்டிவிடும், இதயத்துக்கு உண்மையான பலன் தருவதும் அதுதான்.

பாதையைத் தேர்வதில் நிதானம் வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஓடும் ஆசை சேலத்துக்காரர் பலருக்கும் உண்டு. ஆனால் ஆயிரம் மீட்டருக்கும் மேலான அந்த ஏற்றம் புதியவரின் இதயத்துக்குப் பெருஞ்சுமை, திருப்பங்களில் எதிரே வரும் வாகனமும் கண்ணுக்குத் தெரியாது. மேலும், மரங்கள் அடர்ந்த வளைவுகளில் ஜிபிஎஸ் தடுமாறுவதால் பதிவாகும் தூரமும் தவறலாம். வீட்டைச் சுற்றியோ கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கமோ, சமதளமான இரண்டு கிலோமீட்டர் சுற்று ஒன்றை வகுத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் வைத்த இடத்துக்கே திரும்பி வரலாம். வெயில் ஏறுமுன் ஆறு மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது.

கைபேசியின் பேட்டரி சேமிப்பு வசதி, திரை அணைந்ததும் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் செயலியைப் பாதியில் நிறுத்திவிடக்கூடும். அந்த வசதியை முன்பே அணைத்துவிட்டு, ஜிபிஎஸ் சிக்னல் கிடைத்த பிறகே ஓடத் தொடங்குங்கள். வாட்ஸ்அப் வழியே இருப்பிடத்தை வீட்டாருக்குத் தெரியப்படுத்துங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று, 108-ஐ அழைக்க வேண்டும். வாயுத் தொல்லை என்று நினைத்து எஞ்சிய தூரத்தை முடிக்க முயல்வது உயிருக்கே ஆபத்து.

முடித்ததும் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம் என்பதால், பத்து நிமிடம் மெதுவாக நடந்த பின் உட்காருங்கள். பிறகு தேதி, தூரம், நேரம் மூன்றும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டைக் கெடு முடியுமுன் பதிவேற்றிவிட்டால், சான்றிதழ் மின்னஞ்சலிலும், பதக்கம் உண்டென்றால் அது கூரியரிலும் வந்துசேரும்.