சீமைச் சோம்பு: மணத்தைக் கொதிக்க வைத்து வீணாக்காதீர்கள்

மூலிகை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சீமைச் சோம்பு (ஆங்கிலத்தில் கேரவே) விதையைக் கொடுத்து, வயிற்று உப்புசத்துக்கு ஒரு குவளை போட்டுத் தரச் சொல்வேன். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். கல், தூசி பொறுக்குவதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மருந்தையே கெடுப்பவை மட்டும் இங்கே.

பொடியாக வாங்குவது

வாங்காதீர்கள்.

கஷாயம் போல வற்றக் காய்ச்சுவது

கஷாயம் என்றாலே நான்கு பங்கு நீரை ஒரு பங்காக வற்ற வைக்க நம் கை பழகியிருக்கிறது. வேருக்கும் பட்டைக்கும் அது சரி. சீமைச் சோம்பின் குணமோ எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. நல்ல விதையில் அது 3 முதல் 7 சதவீதம். அதில் பெரும்பங்கு கார்வோன், லிமோனீன் என்ற மணப்பொருள்கள். குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுவது இதுதான். இந்த எண்ணெயை வடித்தெடுப்பதே நீராவியைக் கொண்டுதான். திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் அது அத்தனையும் காற்றில் போகிறது.

ஒரு மாணவி, "வீடே மணக்கிறது, ஐயா" என்று பெருமையோடு சொன்னார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த மணம்தானே மருந்து! அது கூடத்தில் பரவிவிட்டால் குவளையில் என்ன மிஞ்சும்? அவருடைய தாயாருக்கு உப்புசம் குறையவில்லை. விதையை இரட்டிப்பாக்கினார், பிறகு விலை கூடிய இறக்குமதிப் பொட்டலம் வாங்கி, அதையும் வற்றக் காய்ச்சினார். கடைசியில் பழி செடியின் மேல் விழுந்தது.

ஒரு தேக்கரண்டி விதை, ஏறக்குறைய 2 கிராம், போதும். போடுவதற்குச் சற்று முன் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். குவளையில் இட்டு, கொதித்த நீர் 150 மில்லி ஊற்றி, உடனே மூடுங்கள். பத்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். பிறகு மூடியின் அடியில் கோத்திருக்கும் துளிகளையும் குவளைக்குள்ளேயே சொட்ட விட்டு, வடிகட்டி, சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடியுங்கள்.

விதையை மாற்றி வாங்குவது

சீமைச் சோம்புக்கும் வழங்கும் ஷாஜீரா என்ற பெயரைச் சொல்லிக் கேட்டால், காஷ்மீர், கின்னௌர் மலைகளில் விளையும் வேறொரு செடியின் மெல்லிய கரிய விதை கிடைக்கக்கூடும். கருஞ்சீரகம் இந்தக் குடும்பமே இல்லை. சீமைச் சோம்பு பிறைபோல வளைந்து, பழுப்பு நிறத்தில், ஐந்து வெளிர் வரிகளோடு இருக்கும்.

சமவெளி மாடியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது

வழக்கமான வகை முதல் ஆண்டில் இலை மட்டுமே விடும். குளிர்காலம் கண்ட பிறகு இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். பின்லாந்திலும் இமயத்தின் லாஹவுலிலும் அந்தக் குளிர் உண்டு, சென்னையில் இல்லை.

காட்டில் பறிப்பது

கூடாது. இதே குடும்பத்து ஹெம்லாக் என்ற செடி கொல்லும் விஷம். இலையும் வெண்பூவும் ஏமாற்றும்.

எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விழுங்குவது

ஜெர்மனியில் பெரியவர்களின் செரிமானக் கோளாறுக்கு இதைப் பெப்பர்மின்ட் எண்ணெயோடு சேர்த்து, குடலில் கரையும் உறையிலிட்டுத் தருகிறார்கள். அது அளந்து செய்த மருந்து. கடைப் புட்டியிலிருந்து கைக்குழந்தையின் வாயில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.