முதல் சந்திப்புக்குத் தயாராவது எப்படி?

ஒருவரைத் துணையாக எண்ணிப் பழகத் தொடங்கும்போது, முதல் சந்திப்பை ஒரு மணி நேரத்துக்குள் முடியும்படி வைத்துக்கொள்வதே நல்லது. பேச்சு ஒட்டவில்லையென்றால் இருவரும் சங்கடமின்றி விடைபெறலாம், ஒட்டிவிட்டால் அடுத்த சந்திப்புக்கான ஆவல் மிஞ்சியிருக்கும். ஆள் நடமாட்டமுள்ள, ஆனால் குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கே, யாரைச் சந்திக்கப் போகிறீர்கள் என்பதை நெருங்கிய ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உடை துவைத்துத் தேய்த்ததாகவும் ஏற்கெனவே அணிந்து பழகியதாகவும் இருந்தால் போதும். புதுச் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருக்கும்போது யாராலும் நிம்மதியாகப் பேச முடியாது.

நன்மதிப்பைப் பெற்றுத் தருவது பேசும் திறமையைவிடக் கேட்கும் விதம்தான் என்பது என் உறுதியான கருத்து. கைபேசியை ஒலியடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள். மேசைமேல் கவிழ்த்து வைத்தாலும் கண் அங்கேதான் போகும். ‘போன மாதம்தான் வேலை மாறினேன்’ என்று அவர் சொன்னால், உடனே உங்கள் வேலையைப் பற்றித் தொடங்கிவிடாமல், ‘புது இடம் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருங்கள். சம்பளத்தையும் பழைய உறவுகளையும் துருவ வேண்டாம்.

பில் வந்ததும், பங்கிட்டுக்கொள்ளலாமா என்று இயல்பாகக் கேளுங்கள். மீண்டும் சந்திக்க விருப்பமிருந்தால் அன்றைக்கே செய்தி அனுப்புங்கள். விருப்பமில்லையென்றால், பதிலே சொல்லாமல் காக்க வைக்காமல், அதை மரியாதையாக இரண்டு வரிகளில் தெரிவித்துவிடுங்கள்.