பேக்கரி அடுப்பின் ஆயுளைக் குறைக்கும் தவறுகள்

பிரெட் சுடும்போது அடுப்பின் உள்சூடு 220 முதல் 250 டிகிரி வரைதான் இருக்கும். விறகு எரியும் நேரத்தில் கூரைக்கல் மட்டும் 400, 500 டிகிரியைத் தொடும். ஃபயர் பிரிக் 1,200 டிகிரியையும் தாங்கும் கல். மைல்டு ஸ்டீல் 400 டிகிரி வரை பெரிதாக வலுவிழப்பதில்லை. இருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துக் கடைகளில் கட்டிச் சில வருடங்களிலேயே தளம் வெடிக்கிறது, வளைவு இறங்குகிறது, தகடு நெளிகிறது. கேட்டால் "சூடு தாங்கவில்லை" என்பார்கள். அந்தச் சூடு அந்தக் கல்லுக்கு ஒன்றுமே இல்லை. சூடேறும்போது விரிய இடம் விடாமல் கட்டியதும், ஈரத்தை உள்ளே வைத்து மூடியதும்தான் பெரும்பாலான அடுப்புகளைக் கெடுக்கின்றன.

வீட்டுச் சுவர் கட்டுவதுபோல் அடுப்பைக் கட்டுவது

கொத்தனார் நல்லவராக இருக்கலாம், ஆனால் கையில் இருப்பது போர்ட்லாண்ட் சிமெண்ட் என்றால் அடுப்பின் உள்ளே அது நிற்காது. அந்தச் சிமெண்ட் இறுகும்போது உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. 400 முதல் 500 டிகிரியில் அதிலிருக்கும் நீர் பிரிந்து வெறும் சுண்ணாம்பாகிறது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டால் டர்பனின் கடல் காற்றிலுள்ள ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு இழுத்துக்கொண்டு உப்பும். திங்கட்கிழமை மறுபடி சூடேறும். இப்படி மாறி மாறி நடந்தால் சாந்து மாவாக உதிர்ந்து பிரெட் மேல் விழும்.

வாங்க வேண்டியது அடுப்புக்கென்றே வரும் சாந்து. இல்லையென்றால் கால்சியம் அலுமினேட் சிமெண்டோடு ஃபயர் கிளேயும் மெல்லிய சூளைமணலும் சேர்ந்த கலவை. மூட்டையில் எவ்வளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். கை வழுக்கிப் பூச வசதியாக இருக்கும் என்று கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு கோப்பையும் பின்னால் ஆவியாகிப் போய் அந்த இடத்தில் ஓட்டை விடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. போதும். 10 மி.மீ. வைத்தால் அந்த அடுப்பின் பலம் கல்லின் பலமாக இருக்காது, சாந்தின் பலமாகத்தான் இருக்கும். கல்லை ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு வைத்தால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சாது. வளைவில் கற்களின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொட வேண்டும், வெளிப்பக்கம் விரியும் ஆப்பு வடிவ இடைவெளியில் மட்டும் சாந்து போக வேண்டும்.

தளக்கல்லுக்குச் சாந்தே வேண்டாம். உலர்ந்த மணலும் ஃபயர் கிளேயும் சமமாகக் கலந்து 5 முதல் 10 மி.மீ. பரப்பி, அதன்மேல் கற்களை நெருக்கமாகச் சும்மா அடுக்க வேண்டும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் நெம்பி எடுத்து மாற்றலாம். ஒட்டிவிட்டால் ஒன்றுக்காக நாலைந்தை உடைக்க வேண்டிவரும். மரத்துடுப்பு கல் விளிம்பில் இடிக்காமல் இருக்க வாயிலுக்குச் சாய்வாக, 45 டிகிரியில் அடுக்குவது நல்லது.

விரிவதற்கு இடம் விடாதது

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1.5 மீட்டர் நீளக் கல்வரிசை 400 டிகிரி ஏறினால் 3 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். 2 மீட்டர் மைல்டு ஸ்டீல் தகடு 25 டிகிரியிலிருந்து 275 டிகிரிக்குப் போனால் 6 மி.மீ. நீளும். அதே நீள 304 ஸ்டெயின்லெஸ் தகடு 8.5 மி.மீ. நீளும். வெளிச்சட்டத்தை மைல்டு ஸ்டீலில் செய்து, உள்தகட்டை 304இல் செய்து, இரண்டையும் சுற்றிலும் ஒரே கோடாக வெல்டிங் வைப்பதுதான் உள்ளூர் ஒர்க்ஷாப்களில் சாதாரணமாகப் பார்க்கும் தவறு. நீளும் அளவு வேறு, போதாததற்கு உள்தகடு எப்போதும் வெளிச்சட்டத்தைவிடச் சூடாக இருக்கும். நீள வழியில்லாத தகடு வயிறு தள்ளும், கடைசியில் வெல்டிங் ஓரத்தில் கிழியும். கிழிந்த இடம் வழியாக நீராவி இன்சுலேஷனுக்குள் புகுந்தால் துரு பின்பக்கத்திலிருந்து தொடங்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஒரு முனையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற இடங்களில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 9க்கு 20 மி.மீ. நீள்துளை போடுங்கள். நட்டை இறுக்கி முறுக்காமல், தகடு நகரும் அளவுக்கு விட்டு, இரண்டாவது நட்டால் பூட்டுங்கள். கல் அடுப்பில் தளத்தைச் சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விட்டுச் செராமிக் ஃபைபரால் நிரப்புங்கள். அங்கே சாந்தை அடைத்துவிட்டால் தளம் விரியும்போது பக்கச் சுவரை வெளியே தள்ளும்.

வளைவுக் கூரை எப்போதும் சுவரைப் பக்கவாட்டில் நெட்டிக்கொண்டே இருக்கும். நாலு மூலையிலும் 50 மி.மீ. ஆங்கிள் நிறுத்தி, மேலும் கீழும் 16 மி.மீ. கம்பியால் இழுத்துக் கட்டுவது வழக்கம். அந்தக் கம்பி இன்சுலேஷனுக்கு வெளியே ஓட வேண்டும். உள்ளே ஓடினால் கம்பியும் சூடேறி நீண்டு தளர்ந்துவிடும். பிறகு அது இருந்தும் பயனில்லை.

மயிரிழை வெடிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். சூடேறும்போது மூடிக்கொண்டு ஆறும்போது திறக்கும் வெடிப்பு இயல்பானது. அதில் சாந்தைத் திணிப்பதுதான் கெடுதல். நாணயம் நுழையும் அளவுக்கு அகன்றால், அல்லது ஒரு பக்கக் கல் மறுபக்கத்தைவிடக் கீழே இறங்கினால், உடனே பார்க்க வேண்டும்.

தளத்துக்கு அடியில் இன்சுலேஷன் போடாதது

கூரைக்கு 75 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட் போடுகிறவர்களே தளத்தை நேராகக் கான்கிரீட்டின்மேல் வைத்துவிடுகிறார்கள். 250 டிகிரி தளத்துக்கு அடியில் 150 மி.மீ. கான்கிரீட் மட்டும் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2,000 வாட் கீழே இறங்கும் என்று கணக்கு சொல்கிறது. 100 மி.மீ. கால்சியம் சிலிகேட் பலகை இருந்தால் அது 150 வாட்டாகிவிடும். நடைமுறையில் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் மாதாமாதம் விறகிலும் மின்கட்டணத்திலும் தெரியும் அளவுக்கு இருக்கும்.

இதன் விளைவு பிரெட்டில் தெரியும். மேல்பக்கம் சிவந்து, அடியும் பக்கச் சுவரும் வெளுத்து மெத்தென்று நிற்கும். டீயில் தொட்டுச் சாப்பிட அது போதும். ஆனால் பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவுக்கு வெட்டாத பிரெட்டின் சுவர்தான் பாத்திரம். சுவர் சரியாக வேகாத கால் பிரெட்டில் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றினால் வாடிக்கையாளர் மேசைக்குப் போகும் முன்பே ஊறி இற்றுவிடும். டின்களை ஒட்டி ஒட்டி அடுக்கினாலும் இதே கோளாறுதான் வரும். 700 கிராம் பிரெட் டின்களுக்கு நடுவே 20, 25 மி.மீ. இடம் விடுங்கள்.

பலகை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வெர்மிகுலைட் இருக்கிறது. பலபோர்வாவில் தோண்டி எடுக்கும் இந்த நாட்டுச் சரக்கு. 6 பங்கு வெர்மிகுலைட்டுக்கு 1 பங்கு சிமெண்ட் என்று கலந்து 100 முதல் 150 மி.மீ. போடலாம். இங்கே போர்ட்லாண்ட் சிமெண்ட் பரவாயில்லை, ஏனென்றால் தளக்கல்லுக்குக் கீழே சூடு குறைந்துவிடும். ஆனால் இந்தக் கலவை பஞ்சுபோல் தண்ணீர் குடிக்கும். நன்றாகக் காயும் முன்னே மேலே கல் அடுக்கினால் மாதக்கணக்கில் அடுப்பு சூடே ஏறாது.

ஈரத்தை அடைத்து வைப்பது

இன்சுலேஷன் வேலை செய்வது அதற்குள் அடங்கிய காற்றால்தான். அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்தால், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை பெய்யும் குவாசுலு-நடாலில் கவனிக்க வேண்டியவை: பீடத்துக்கு அடியில் ஈரம் தடுக்கும் தாள், புகைக்குழாய்க்கு மழைத் தொப்பி, குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் சரியான தகட்டுக் கவசம். வெளிப்பூச்சின் உச்சியில் 25 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். அடுப்பு முழுக்கக் காயும் முன்னே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் உள்ளிருக்கும் நீராவி வெளியேற வழியின்றிப் பூச்சைப் பிளந்துகொண்டு வரும்.

புகைக்குழாய்க்கு ஜிங்க் பூசிய தகடு வேண்டாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே, 200 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் பூச்சு உரிந்துவிடும். அதிகச் சூட்டில் வரும் புகை உடம்புக்கும் ஆகாது. கடற்கரையோரம் 304 ஸ்டெயின்லெஸ், உப்புக்காற்று நேராக அடிக்கும் இடம் என்றால் 316 ரகம்.

புது அடுப்பை அவசரமாகப் பற்றவைப்பது

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டதால் நடக்கும் தவறு இது. சாந்திலும் கல்லிலும் உள்ள தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகும். வெளியேறும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் அதிகமானால் அழுத்தம் ஏறிக் கல்லின் முகம் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

கால்சியம் அலுமினேட் கலவையை முதல் 24 மணி நேரம் பிளாஸ்டிக் தாள் மூடி ஈரமாக வைக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் நெருப்பில்லாமல் காற்றில் காயட்டும். அதன்பின் முதல் இரண்டு நாள் 90, 100 டிகிரிக்கு மேல் போகாமல் சிறு நெருப்பு, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். பிறகு நாளுக்கு 50 டிகிரி வீதம் 350 வரை ஏற்றலாம். உச்சித் துளையில் ஆவி வந்துகொண்டிருந்தால் அடுத்த நாளும் அதே சூட்டிலேயே நிறுத்துங்கள். கை வைத்துச் சூடு பார்ப்பது இங்கே உதவாது. கூரைக்கல்லில் ஒரு தெர்மோகப்பிள் பதித்துவிடுங்கள். கடையைப் பல வாரம் மூடித் திறந்தாலும் இதே நிதானம் வேண்டும், நாள் மட்டும் குறைவாகப் போதும்.

நீராவிக்காகத் தண்ணீர் வீசுவது

பிரெட் உள்ளே போனதும் முதல் சில நிமிடம் நீராவி தேவை. அதற்காகச் சூடான கல்லின் மேலோ கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்திலோ தண்ணீர் வீசினால் இரண்டும் விரிசல் விடும். மெல்லிய தட்டில் ஊற்றுவதும் பலன் தராது. 250 டிகிரியில் இருக்கும் 2 கிலோ இரும்புத் தட்டால் 50 மி.லி. சொச்சம் தண்ணீரைத்தான் ஆவியாக்க முடியும், மிச்சம் தட்டில் கொதித்துக்கொண்டே கிடக்கும். 250 மி.லி. தண்ணீருக்கு 9 கிலோ வார்ப்பிரும்பு தேவை. கனமான இரும்புக் கட்டிகளை ஸ்டெயின்லெஸ் தொட்டியில் அடுக்கி, வெளியிலிருந்து மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் முறை. தொட்டிக்கு வடிகால் இருக்கட்டும்.

எலக்ட்ரிக் ஓவனில் நடப்பவை

டர்பனில் சில வாரம் சும்மா கிடந்த ஓவனைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், பெரும்பாலும் ஹீட்டர் காயில் ஈரம் குடித்திருக்கும். காயிலுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை முனைகள் வழியாக இழுக்கும். எர்த் லீக்கேஜைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது ஆளைக் கொல்லும் காரியம், எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் சோதிக்கட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் காயிலைக் கழற்றி வேறொரு ஓவனில் 120 முதல் 150 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தினால் பலவும் பிழைத்துக்கொள்ளும். புதுக் காயில் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

காயில் முனையில் சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது, சிலிக்கான் ஒயர் 180 வரை. அங்கே கண்ணாடி இழை சுற்றிய ஒயரும் நிக்கல் பூசிய லக்கும் வேண்டும். முதல் வாரம் கழித்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு, எல்லா முனைகளையும் ஒரு முறை இறுக்குங்கள்.

2007 முதல் விட்டுவிட்டு வந்த லோட் ஷெட்டிங் ஓவனுக்கு இரண்டு விதமாகக் கெடுதல். மின்சாரம் நின்றதும் குளிர்விக்கும் ஃபேனும் நிற்கும், உள்ளே தேங்கிய சூடு மோட்டார் பேரிங்கையும் கன்ட்ரோல் போர்டையும் வேகவைக்கும். உடனே கதவைத் திறந்துவிடுங்கள், அந்த ஒரு சிறு ஃபேனுக்கு மட்டும் பேட்டரி வையுங்கள். மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் நிலையாக இருக்காது. வரும் மின்சாரத்தைக் கவனிக்கும் ஃபேஸ் ரிலேயில் 3 முதல் 5 நிமிடத் தாமதம் வைத்து, ஓவனின் அடுக்குகள் (டெக்) ஒவ்வொன்றாக ஏறும்படி செய்தால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் சுவிட்சுகள் தப்பிக்கும்.

கடற்கரை ஓவனை மேட்டுக்குக் கொண்டுபோவது

டர்பனில் ஓடிய கேஸ் ஓவனை லெனேசியாவுக்கோ ஜோகன்னஸ்பர்குக்கோ கொண்டுபோனால் மஞ்சள் சுடரும் கரியும் வரும். 1,700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 18 சதவீதம் குறைவு. கேஸ் வெளிவரும் துளையான ஜெட் அதே அளவு கேஸைத்தான் விடும், ஆனால் அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. பதிவுபெற்ற கேஸ் பொருத்துநரிடம் ஜெட்டை மாற்றி, இணக்கச் சான்றும் வாங்குங்கள். 40 கிலோவாட் பர்னர் மணிக்கு 3 கிலோவுக்கு மேல் கேஸ் குடிக்கும். குளிர்காலக் காலையில் ஒரு 48 கிலோ சிலிண்டரால் தொடர்ந்து அவ்வளவு தர முடியாது, சிலிண்டரில் பனி படர்ந்து அழுத்தம் விழும். மூன்று நான்கு சிலிண்டரை இணைத்தே வைக்க வேண்டும். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிப்பதால் பிரெட்டின் நடுச்சூடு 97 வரட்டும் என்று காத்திருந்தால் பிரெட் காய்ந்துதான் போகும்.

பழைய ஓவனைப் பிரிப்பது

மலிவாகக் கிடைக்கும் பழைய ஓவனின் கதவுக் கயிறும் உள்ளே திணித்த வெள்ளைப் பஞ்சும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கா அதைத் தடை செய்தது 2008இல்தான். அதற்கு முன் செய்த எதையும் சுத்தியலால் தட்டிப் பிரிக்காதீர்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஒரு துணுக்கை ஆய்வுக்கு அனுப்பும் வேலையைக்கூடப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று தெரிந்தால், 2020இல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற ஒப்பந்ததாரர்தான் அதை அகற்ற வேண்டும். அவர்கள் வேலை முடித்து, அந்த இடம் சுத்தம் என்ற சான்று கைக்கு வந்த பிறகே மாவு மூட்டையை அந்த அறைக்குள் கொண்டுபோகலாம்.