ஆவி, கொலை, காதல்: மூன்றையும் ஒரே இருட்டறைக்குள் கொண்டுவருவது எப்படி?

முதல் நாவல் எழுதுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஆவிக்கு ஓர் அத்தியாயம், துப்பறிதலுக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என்று பந்தி வைத்துவிடுவார்கள். காதல் அத்தியாயம் முடிவதற்குள் வாசகருக்குக் கொலையே மறந்துபோகும். மூன்றையும் சுமக்கக்கூடிய ஒரு தொழிலைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உதாரணத்துக்கு, லண்டனில் ஒரு புகைப்பட நிலையம்.

படி 1: ஆண்டை முடிவுசெய்யுங்கள்

'விக்டோரியா காலம்' என்று பொத்தாம்பொதுவாக வைக்காதீர்கள். 1872 என்று எழுதி வையுங்கள். லண்டனில் ஃப்ரெடரிக் ஹட்சன் என்ற புகைப்படக்காரர் ஆவிப் படங்கள், அதாவது இறந்தவரின் உருவம் தெரிவதாகச் சொல்லப்பட்ட புகைப்படங்கள், எடுக்கத் தொடங்கிய ஆண்டு அது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், இதே தொழிலுக்காக நியூயார்க்கில் மோசடி வழக்கில் சிக்கிய வில்லியம் மம்லர், ஆதாரம் போதாமல் தப்பினார். ஆக, நம்புகிறவரும் சந்தேகப்படுகிறவரும் கதைக்குள் தாராளமாக வரலாம்.

அந்த ஆண்டில் தந்தி உண்டு, தொலைபேசி இல்லை. லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்குக் கைரேகைப் பிரிவு 1901இல்தான் வந்தது. விஷத்தைக் கண்டுபிடிக்க 1836 முதல் மார்ஷ் சோதனை உண்டு. ஆனால் அது ஆர்செனிக்குக்கான சோதனை. சயனைடால் செத்தவருக்கு அந்தச் சோதனையை வைத்து 'விஷம்தான்' என்று மருத்துவரைப் பேசவிட்டால் கதை அங்கேயே காலி.

படி 2: தொழிலை நிமிடக் கணக்கில் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே அவசரப்பட வேண்டாம். அன்றைய ஈரத்தகடு முறையில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்புவார்கள். பிறகு சில்வர் நைட்ரேட் தொட்டியில் மூன்று நிமிடம்போல முக்கி எடுப்பார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். கையில் இருப்பது ஏறத்தாழ பத்து நிமிடம். இருட்டறையில் மஞ்சள் கண்ணாடி வழியே வரும் மங்கல் வெளிச்சம். கதவைத் திறக்க முடியாது. இருவர் நெருங்கி நின்றே ஆக வேண்டும். காதலுக்கு வேறென்ன வேண்டும்?

பழைய கண்ணாடியைச் சரியாகத் துடைக்காமல் மறுபடி பயன்படுத்தினால் முந்தைய உருவம் நிழல்போல எழும். ஆவிப் படங்களில் இதுவும் ஒரு தந்திரம். படத்தை நிலைநிறுத்தப் பொட்டாசியம் சயனைடு பயன்பட்டது. விரலில் ஏறிய சில்வர் நைட்ரேட் கறுப்பைப் போக்கவும் அதையேதான் தேய்த்தார்கள். கொலைக்கருவி அலமாரியிலேயே இருக்கிறது.

படி 3: ஆவிக்கு மூன்று விதி போதும்

எங்கே தோன்றும், எதைச் செய்ய முடியாது, தோன்றினால் யாருக்கு என்ன இழப்பு. நம் கதையில் கொலையான பெண்ணின் ஆவி, உயிரோடு இருந்தபோது அவளைப் படமெடுத்த கண்ணாடியில் மட்டும் வரும், பேசாது, வந்த பிறகு அந்தக் கண்ணாடி மறுபடி உதவாது. அப்படியென்றால் கையிருப்பில் எத்தனை கண்ணாடியோ அத்தனை முறைதான். ஐந்து போதும். துடைக்காத கண்ணாடிதான் காரணம் என்ற சந்தேகமும் நான்காவது வரை உயிரோடிருக்கும். ஆவியே கொலைகாரனைக் காட்டிக்கொடுத்தால் துப்பறிய வந்தவருக்கு வேலையே இல்லை.

இன்னொன்று: பெயர் தெரியும்வரை ஆவியை 'அது' என்றே எழுதுங்கள். யாரென்று தெரிந்த வரியில் 'அவள்' ஆக்குங்கள். எந்த அலறலும் தராத சில்லிப்பை அந்த ஒரு சொல் தரும்.

படி 4: தடயங்களைப் பின்னாலிருந்து அடுக்குங்கள்

30 அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,500 சொல் என்றால் 75,000 சொல். அதற்கு ஆறு உண்மைத் தடயம், மூன்று பொய்த் தடயம் தாங்கும். கடைசித் தடயத்தை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

படி 5: காதலை மரியாதைச் சொல்லில் அளந்து கொடுங்கள்

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு: 'நீங்கள்', 'நீ'. விசாரிக்க வந்தவனும் புகைப்படக்காரியும் 20ஆம் அத்தியாயம்வரை 'நீங்கள்'தான். அதுவரை தொடுதலும் ஒரே ஒரு முறை:

அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. "சயனைடு தேய்த்தால் போய்விடுமாமே?" என்றான்.
"போகும். என் அக்கா அப்படித்தான் தேய்த்தாள்."
அவன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தான். கறை போகவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அக்கா எப்படிச் செத்தாள் என்ற தடயமும் இதற்குள்ளேயே போய்விட்டது, கவனித்தீர்களா? முதல் 'நீ' ஆபத்தில் வாய் தவறி வரட்டும். அடுத்த அத்தியாயத்தில் இருவரும் பழையபடி 'நீங்கள்' என்று பேசிக்கொண்டால் இன்னும் நல்லது.

படி 6: மூன்று வண்ணப் பென்சில்

முதல் வரைவை அச்செடுத்து ஆவிக்குச் சிவப்பு, தடயத்துக்கு நீலம், காதலுக்குப் பச்சைக் கோடு போடுங்கள். தொடர்ந்து மூன்று பக்கம் ஒரே நிறம் வந்தால், அந்தக் காட்சியை இருட்டறைக்கு மாற்றிப் பத்து நிமிடக் கெடு வைத்து மறுபடி எழுதுங்கள்.