பின் வாங்கில் இருந்தவர்கள் பிந்திப் பாடியதன் காரணம்

ஹட்டனுக்கு அருகில் எங்கள் சிறிய தேவாலயத்தில் மின்சார ஓர்கன் வாசிக்கிறேன். நான்கு ஞாயிறுகளாக ஒரே தொல்லை. சபையார் பாமாலைப் பாட்டை இழுத்து இழுத்து எனக்குப் பின்னால் பாடினார்கள். மூன்றாம் சரணத்தில் சுருதியும் இறங்கிவிடும்.

முதலில் ஒலியைக் கூட்டினேன். ஓர்கன் இரைந்தது, பாட்டு நகரவில்லை. வேகமாக வாசித்தேன், முன் வாங்கில் இருந்தவர்கள் என்னோடு வந்தார்கள், பின் வாங்கில் இருந்தவர்கள் வரவில்லை. சுருதியைக் குறைத்ததில் பெண்கள் முணுமுணுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் தங்கையை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கதவடியில் போய் நின்றேன். தகரக் கூரையில் மழை. மெட்டே காதில் விழவில்லை. அடியில் ஒரு முழக்கம் மட்டும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எப்படித் தெரியும்?

பார்த்தால், கைக்கட்டைகளில் 16 அடி ஸ்டாப் போடப்பட்டிருந்தது. ஸ்டாப் என்பது ஒலிவகையைத் தேர்ந்தெடுக்கும் விசை; அடிக்கணக்கு குழாய் ஓர்கனின் குழாய் நீளத்தை வைத்து வந்தது. அது எழுதிய சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கூடவே செலஸ்ட் என்ற ஸ்டாப். அலைபோல் கேட்பதற்காக அதை வேண்டுமென்றே சற்றுச் சுருதி விலக்கித்தான் அமைப்பார்கள். தனியே வாசிக்க அழகு. சபை சுருதி பிடிக்க உதவாது. ஒலியை நடுங்கவைக்கும் டிரெமுலன்டும் அப்படியே. நானே எப்போதோ நினைவில் பதித்த ஒரு பொத்தான் இம்மூன்றையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறது!

மூன்றையும் அணைத்து, எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும் 8 அடி டயாப்பசனுடன், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் 4 அடி பிரின்சிபலைச் சேர்த்தேன். 16 அடி காற்கட்டைக்கு மட்டும். கடைசிச் சரணத்துக்கு இன்னும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் 2 அடியும். ஒலி முன்பைவிடக் குறைவுதான். பின் வாங்குத் தாத்தாமார் உட்பட எல்லோரும் என்னோடு முடித்தார்கள்.