ரெசின் வார்ப்பில் நுரை வராமலிருக்க

ஷேர்மன் யுத்த தாங்கியை 1/16 அளவில் கையாலேயே செய்பவருக்கு, சங்கிலிப்பட்டையின் மேல் ஓடும் சக்கரங்கள் மட்டும் 12 தேவை. ஒன்றைத் திருத்தமாகச் செய்து, சிலிக்கன் அச்செடுத்து, மற்றவற்றைப் பாலியூரிதேன் ரெசினில் (கடினமாக்கி சேர்த்துக் கலந்ததும் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) வார்த்துவிடலாம்.

கொழும்பில் பெரிய எதிரி ஈரக்காற்றுதான். ரெசினின் கடினமாக்கி ஈரத்தோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு கிளம்பும். சக்கர விளிம்பு முழுக்க ஊசிமுனைத் துளைகள் விழும். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். மழை நாளில் வார்க்கவே வேண்டாம். ஊற்றுமுன் அச்சை மேசை விளக்கின் கீழ் இளஞ்சூடாக்குங்கள். கலக்க ஐஸ்கிரீம் குச்சியோ கடதாசிக் கோப்பையோ கூடாது, இரண்டும் ஈரம் உறிஞ்சியவை. பிளாஸ்டிக் கோப்பையும் உலோகக் கரண்டியும் நல்லவை. ஊற்றியெடுத்ததும் போத்தலை உடனே இறுக மூடுங்கள். கையுறையை மறக்காதீர்கள்.