ரெஸ்க்யூ பண்றவங்ககிட்ட இருந்து பூனை எடுக்கப் போறீங்களா? மொதல் தடவைன்னா இதப் படிச்சுட்டுப் போங்க

வேலூர்ல கால்வாய் ஓரத்துலயும் கடை வாசல்லயும் கெடக்குற குட்டிங்கள தூக்கிட்டு வந்து, தன் வீட்டுலயே வச்சு மருந்து போட்டு தேத்துறவங்க இருக்காங்க. சம்பளம் கெடையாது, வேலைக்குப் போய்ட்டு வந்து ராத்திரியில செய்றாங்க, அதனால பதில் லேட்டா வந்தா கோவப்படாதீங்க.

மொதல்ல மெசேஜ். "பூனை இருக்கா, எவ்ளோ"ன்னு மட்டும் அனுப்பாதீங்க. வீட்டுல யார் யாரு இருக்கீங்க, சொந்த வீடா வாடகையா, வாடகைன்னா ஹவுஸ் ஓனர் ஒத்துக்கிட்டாரா, எல்லாத்தயும் எழுதுங்க. ஜன்னல் போட்டோ கேப்பாங்க, நேர்ல கூட வந்து பாப்பாங்க. எனக்கும் என்னடா இது பொண்ணு பாக்க வர்ற மாதிரின்னு இருந்துச்சு, ஆனா குடுத்த குட்டிய ஒரே வாரத்துல தெருவுல விட்டவங்கள எல்லாம் பாத்தவங்க அவங்க, கேக்கத்தான் செய்வாங்க. ஜன்னலுக்கு கம்பி வலை அடிச்சுட்டே போட்டோ அனுப்புங்க. பூனைக்கு வெல கெடையாது, ஊசி, ஆபரேஷன் செலவுல ஒரு பங்கு கேட்டா குடுங்க. பூனையக் காட்டாமலே ஜிபே பண்ணச் சொன்னா மட்டும் அனுப்பாதீங்க.

குட்டிக்கு 8 வாரமாவது ஆயிருக்கணும். பூச்சி மருந்து எப்போ குடுத்தாங்க, ட்ரைகேட் ஊசி (பூனைக்கு வர்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி) போட்டாச்சா, ரேபிஸ் ஊசி எப்போன்னு கேட்டு கார்ட வாங்கிக்கோங்க. கருத்தடை ஆபரேஷன் பண்ணுவேன்னு எழுதி வாங்குவாங்க, அத மறக்காம செய்ங்க, பெண் பூனை 5 மாசத்துலயே சினை புடிச்சுடும்.

கூட்டிட்டு வர்றது ரொம்ப முக்கியம். நான் காட்பாடியில இருந்து அட்டைப்பெட்டியில வச்சு ஆட்டோவுல வந்தேன், கிரீன் சர்க்கிள் சிக்னல்ல ஹாரன் சத்தத்துக்கு பயந்து மூத்திரம் போயி, ஈரத்துல அட்டை பிஞ்சு, காதுல புண்ணோட இருந்த அந்த சின்ன உடம்பு வெளிய வந்துடுச்சு. துப்பட்டாவுல சுத்திப் புடிச்சேன், இல்லன்னா அவ்ளோதான். பூனைய வச்சு தூக்குறதுக்குன்னே விக்கிற, மூடி இருக்குற பிளாஸ்டிக் கேரியர் வாங்குங்க, நம்ம ஊரு மே மாச வெயிலுக்கு காலையில ஆறு மணிக்கே போய்டுங்க.

வீட்டுக்கு வந்ததும் வீடு பூரா காட்டாதீங்க. ஒரே ரூம், ஒரு மூலையில அது ஆய், மூத்திரம் போக மண் போட்ட டப்பா, அதுக்கு தள்ளி தண்ணி, சாப்பாடு. பீரோவுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும், இழுக்காதீங்க. மாட்டுப்பால் குடுத்தா பேதியாகும், உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம வேக வச்ச கோழிக்கறி குடுங்க, ஆனா அது மட்டும் பத்தாது, குட்டிக்கான பூனை உணவும் வேணும். ஜொரம்னு பாரசிட்டமால் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம், செத்துடும்.

எங்க வீட்டுல ரெண்டு நாளு பீரோ அடியில கண்ணு ரெண்டு மட்டும்தான் தெரிஞ்சுது. மூணாவது நாள் ராத்திரி தரையில படுத்துருந்தேன், ஈர மூக்கு ஒன்னு என் கால் கட்டவெரல தொட்டுட்டு ஓடுச்சு. உடனே போட்டோ அனுப்புனேன், பதினொன்னரை மணிக்கு குட்டியக் குடுத்த அக்காகிட்ட இருந்து பதில், "காது புண்ணு ஆறுதா, கிட்டக்க ஒரு போட்டோ போடுப்பா".